நேர்கோடும் சுற்றுவீதியும்: ஸ்ரீரங்கத்தின் மரபும் சுற்றுலாவும்

பெரும்பாலான கோயில்கள் கிழக்கு நோக்கி நிற்கின்றன. ஸ்ரீரங்கத்தில் மூலவரான பெரிய பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். இலங்கைக்குத் திரும்பிய விபீஷணனைப் பார்த்தபடி என்பது தலபுராணம். அதனால் ஊருக்குத் தலைவாசலும் தெற்கிலேயே அமைந்தது. காவிரிக் கரையில் அம்மா மண்டபத்திலிருந்து வடக்கே நடந்தால் ராஜகோபுரம். அதைத் தாண்டினால் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள்: ரங்கா ரங்கா கோபுரம், கார்த்திகை கோபுரம், ஆரியபட்டாள் வாசல், நாழிகேட்டான் வாசல், கடைசியில் கர்ப்பகிருகம். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேர்கோடு. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டில்தான் உள்ளே போகிறார்கள், வரிசையில் நின்று சேவிக்கிறார்கள், திரும்பி வந்து பேருந்து ஏறுகிறார்கள்.

ஊரோ இந்தக் கோட்டின்படி வளரவில்லை. சுற்றுச்சுற்றாக வளர்ந்த ஊர் அது. 156 ஏக்கர் பரப்பில் ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள். உள்ளே இருக்கும் நான்கு சுற்றுகளில் சந்நிதிகள், மண்டபங்கள், மடைப்பள்ளி, திருக்குளம். வெளியே இருக்கும் மூன்றில் வீடுகள், மடங்கள், கடைகள், பள்ளிக்கூடங்கள். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்று மூன்றுக்கும் பெயர். ஒவ்வொன்றிலும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கம். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்தவர்கள் இந்த வீதிகளைப் பார்க்காமலேயே அறிவார்கள். அந்தக் கதைகளில் ஊர் என்பது திண்ணையும் தெருமுனையும் தேர்முட்டியும்தான்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான். சுற்றுலாவுக்காகச் செலவிடும் பணமும் கவனமும் அந்த நேர்கோட்டில் குவிகின்றன. மரபு உயிரோடு இருப்பதோ சுற்றுவீதிகளில். கோட்டில் நெரிசல் ஏற ஏற, வீதிகள் உள்ளுக்குள் காலியாகி வருகின்றன. இதைப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்தைப் பாதுகாப்பது பற்றிப் பேச முடியாது.

சுற்றுவீதி ஏன் முக்கியம் என்பதை நம்பெருமாளின் ஆண்டுப் பயணத்தைப் பார்த்தால் புரியும். மூலவர் அசையாமல் கிடக்கிறார். உற்சவரான நம்பெருமாள் அசையாமல் இருக்கும் நாட்கள் குறைவு. தை மாதம் பூபதித் திருநாளில் தேர் உத்தர வீதிகளைச் சுற்றுகிறது. சித்திரையில் விருப்பன் திருநாள். அப்போது தேர் சித்திரை வீதிகளில் ஓடுகிறது. பங்குனியில் ஆதி பிரம்மோற்சவம். அந்த விழாவில் பெருமாள் மதிலை விட்டு, ஸ்ரீரங்கத் தீவை விட்டே வெளியே போகிறார். மேற்கே ஜீயபுரத்துக்குப் போய் அங்கே பழைய சோறும் மாவடுவும் அமுது செய்கிறார். காவிரியைக் கடந்து உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். திரும்பி வந்தால் இங்கே ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். மோதிரம் எங்கே தொலைந்தது என்று கேள்வி, பதிலுக்குப் பதில், மட்டையடி, கடைசியில் நம்மாழ்வார் சமாதானம் செய்துவைக்க, பங்குனி உத்திரத்தன்று தாயாரோடு சேர்த்தி. ராமானுஜர் கத்யத்ரயம் அருளிச்செய்தது அந்த உத்திர நாளில்தான் என்பது வைணவ மரபு. தாயார் படிதாண்டாப் பத்தினி. தன் சந்நிதி எல்லையை விட்டு வெளியே வருவதில்லை. அவர் வராததும் பெருமாள் ஊர் சுற்றுவதுமே அந்த நாடகத்துக்குக் கரு.

ஆடியில் அம்மா மண்டபத்துக்குப் புறப்பாடு. காவிரித் தாய்க்குப் புடவையும் மங்கலப் பொருள்களும் சீராகப் போகின்றன. ஐப்பசி துலா மாதம் முழுவதும் திருமஞ்சன நீர் அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வருகிறது. மற்ற மாதங்களில் வடக்கே கொள்ளிடத்திலிருந்து வருகிறது. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு வந்து, அண்ணன் ரங்கநாதரிடமிருந்து சீர் பெற்றுக்கொள்கிறாள். வைணவத்தின் தலைமைத் தலத்தையும் கிராமத்து அம்மனையும் ஓர் ஆற்றங்கரையில் அண்ணன் தங்கையாக நிறுத்திவைத்த சமூகம் இது. இத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்ரீரங்கம். கோயிலின் மதிலுக்குள் மட்டும் பார்ப்பவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

புறப்பாடு நின்றால் ஊர் என்ன ஆகும் என்பதை ஸ்ரீரங்கம் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பு. 1323இல் உலூக் கான் தலைமையில் டில்லிப் படை. இரண்டாவது படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார்; மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் ஊர் ஊராக மறைந்திருந்து, திருமலையிலும் பல காலம் தங்கி, 1371இல் செஞ்சியின் கோபண்ணரால் திரும்ப எழுந்தருளினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு. கோபண்ணரின் செயலைச் சொல்லும் வடமொழிச் சுலோகங்கள் இன்றும் கோயில் சுவரில் இருக்கின்றன. அதன் பிறகு விஜயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் பெயரில் ஏற்பட்டதுதான் சித்திரை விருப்பன் திருநாள். சிதறிப்போன குடிகளை, சுற்றுக் கிராமத்து மக்களை, மீண்டும் கோயிலோடு சேர்த்துக் கட்டிய விழா அது. இன்றும் சித்திரைத் தேருக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு கிராமத்தார். இடிந்த கல்லை எடுத்துக் கட்டியதோடு அவர்கள் நிறுத்திவிடவில்லை. தேரை வீதிக்குக் கொண்டுவந்தார்கள். மீட்பு என்பதை அந்தக் காலத்தவர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

வீதிகளைப் பொற்காலமாக வரைவது சரியாகாது. யார் எந்த வீதியில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. உறையூர்ப் பாணர் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார். லோகசாரங்க முனிவர் தோளில் ஏற்றிக்கொண்டு வரும்வரை அவர் உள்ளே வரவில்லை என்று குருபரம்பரை சொல்கிறது. அவரையே திருப்பாணாழ்வாராகக் கொண்டாடும் மரபு, அவருடைய மக்களை எங்கே நிறுத்தியது என்பதையும் நாம் கூடவே பார்க்க வேண்டும். பாதுகாக்க வேண்டியது வீதியின் வடிவமும் விழாவும் தொழிலும்; பழைய விலக்குகளை அல்ல.

இனி நேர்கோட்டின் கதைக்கு வரலாம். அது பெரும்பாலும் சமீபத்தியது. அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கி அரைகுறையாக நின்ற தெற்கு வாசல், நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றிருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் 1979இல் திருப்பணியைத் தொடங்கினார். 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. தள்ளாத வயதில் ஒரு துறவி இதை முடித்துக்காட்டியது பெரிய காரியம். இன்று ஸ்ரீரங்கம் என்றதும் அச்சாகும் படம் இந்தக் கோபுரம்தான். 2024 ஜனவரி 2ஆம் தேதி திறக்கப்பட்ட திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையமும் கோபுர உருவங்களையும் கோலங்களையும் சுமந்து நிற்கிறது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகள் என்பது கணக்கு. அந்தப் பயணிகளில் எத்தனை பேர் வந்தாலும், அவர்கள் வந்து சேரும் இடம் அதே தெற்கு வாசல்.

வசதிகளும் அந்த வாசலை நோக்கியே வந்தன. 2012 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. 2014இல் பஞ்சக்கரை சாலையில் யாத்ரி நிவாஸ் திறக்கப்பட்டது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் விடியலில் லட்சக்கணக்கில் கூட்டம். இவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் கழிப்பறையும் செய்து கொடுப்பது கடமை. இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூறு மைல் பேருந்தில் வந்த மூதாட்டிக்குப் பெருமாளை ஒரு நொடி பார்ப்பது போதும் என்றால் அது அவர் உரிமை. ஆனால் சுற்றுலாத் திட்டம் என்றாலே வரிசைக் கொட்டகை, வாகன நிறுத்தம், விடுதி என்று முடிந்துபோவதுதான் கவலை தருகிறது.

மதிலுக்குள் நல்ல பாடம் ஒன்று நடந்திருக்கிறது. 1960களிலேயே யுனெஸ்கோ இந்தக் கோயிலுக்கு வல்லுநர்களை அனுப்பியது. பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழானின் ஓபுவாயே வந்து ஆராய்ந்து எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. பிறகு 2015 குடமுழுக்குக்கு முந்தைய திருப்பணியில் அறநிலையத் துறையும் கொடையாளர்களும் சேர்ந்து செய்த வேலை முற்றிலும் வேறு மாதிரியானது. புதிதாகக் கட்டுவதைவிட, இடையில் சேர்ந்துபோன சிமென்ட் கட்டுமானங்களையும் தடுப்புகளையும் அகற்றினார்கள். மண் மூடிக் கிடந்த மண்டப அடித்தளங்கள் வெளியே வந்தன. பழைய வடிகால்களைத் தேடிச் சீராக்கி, மழைநீர் தேங்காமல் போகவும் சேகரமாகவும் வழி செய்தார்கள். மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் நிற்பதற்கு முன்னோர் ஏற்கெனவே விடை வைத்திருந்தார்கள். நாம்தான் அதைக் காரை பூசி அடைத்திருந்தோம். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்தப் பணிக்குத் தகுதி விருது கிடைத்தது.

வீதிகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி அதிகாலை, கிழக்கு வாசல் கோபுரத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் உயிர்ச்சேதமில்லை. பகலில் அந்த வாசல் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளும் வண்டிகளும் போய்க்கொண்டிருக்கும். தெற்குக் கோபுரங்களை ஆயிரம் கண்கள் தினமும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கு, வடக்கு வாசல்களைப் பார்ப்பவர்கள் அந்த வீதிக்காரர்கள் மட்டுமே.

வீடுகளின் நிலை இன்னும் சிக்கல். ஸ்ரீரங்கத்தில் யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் பேச்சு அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம் யாருடையது என்பது. கோயிலைச் சுற்றி, வெள்ளித்திருமுத்தம் கிராமக் கணக்கில் முன்னூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கோயிலுக்குச் சொந்தம் என்பது நிர்வாகத்தின் நிலை. தலைமுறை தலைமுறையாகக் கிரயம் வாங்கி, வரி கட்டி வாழ்கிறோம் என்பது குடியிருப்போர் வாதம். வழக்கு நடக்கிறது, பத்திரப்பதிவு முடங்கிக் கிடக்கிறது. சட்டப்படி யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதன் விளைவு மட்டும் வீதியில் நடந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. விற்கவும் முடியாத, அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாத பழைய வீட்டில் ஓடு மாற்றவும் உத்திரம் மாற்றவும் யார் பணம் போடுவார்கள்? பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். முன்கட்டைக் கடைக்கோ தங்கும் அறைக்கோ விட்டுவிடுவது சுலபம். திண்ணை இடிபட்டு அந்த இடத்தில் இரும்புக் கதவு வருகிறது.

இதைத் தடுக்க விதியே இல்லையா என்றால், உண்டு. பெரிய கோயில்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் ஒன்பது மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது அரசு வைத்த கட்டுப்பாடு. அது எதைக் காக்கிறது என்று கவனிக்க வேண்டும். தூரத்திலிருந்து கோபுரம் மறையாமல் தெரிவதைக் காக்கிறது. ஒன்பது மீட்டருக்குள் திண்ணை, நடை, முற்றம், ஓட்டுச் சாய்வு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடி முகப்பு வைத்தாலும் அந்த விதி மீறப்படுவதில்லை. வீதியின் முகத்தைக் காக்கத் தனி விதி வேண்டும். விதி மட்டும் போட்டால் குடியிருப்பவர் தலையில் சுமை ஏறும். கூடவே பழுதுபார்க்க உதவித்தொகையும், மரவேலையும் சுண்ணாம்புக் காரையும் தெரிந்த கொத்தனாரும் வேண்டும்.

வீடு காலியாவதால் கைங்கரியமும் ஆட்டம் காண்கிறது. கோயில் பணிகளைப் பத்துக் கொத்தாக ராமானுஜர் வகுத்ததைக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. அந்தக் கொத்துகளைச் சேர்ந்தவர்கள் இந்த வீதிகளில் குடியிருந்ததால்தான் விடியற்காலை விஸ்வரூபத்துக்கும் நள்ளிரவுப் புறப்பாட்டுக்கும் ஆள் இருந்தது. பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கநடையும் சர்ப்பநடையுமாக அவர்கள் போடும் அடி, பல்லக்கின் எடையைத் தோளில் தாங்கிச் சிறு வயதிலிருந்து பழகிய வித்தை. அரையர் சேவை இன்னும் அரிது. மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்துமாக, நாதமுனிகள் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் முறையில், பாசுரத்தைப் பாடி அபிநயித்துப் பொருள் சொல்லும் அந்தக் கலை ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி போன்ற ஒரு சில ஊர்களில் சில குடும்பங்களிடம் மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு சிலரில் ஒரு வாரிசு வேறு வேலைக்குப் போய்விட்டால் அதைச் சிமென்ட் வைத்து ஒட்ட முடியாது. ஆழ்வார்களில் பதினொருவர் 247 பாசுரங்களில் பாடிய தலம் என்று பெருமையாக எழுதிவைக்கிறோம். அந்தப் பாசுரங்கள் அரையரின் தொண்டையில் இருக்கின்றன. அவருடைய மாத வருமானம் எந்தச் சுற்றுலா அறிக்கையிலும் வருவதில்லை.

ஊர் முழுவதையும் உலக மரபாக அறிவித்த இடங்களின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. லாவோஸின் லுவாங் பிரபாங் 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புத்த விகாரைகளும் மரவீடுகளும் சேர்ந்த அழகான ஊர். விடியலில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வருவது அங்கே அன்றாட வழக்கம். பயணிகள் பெருகியதும் அந்த வரிசையின் முகத்துக்கு நேரே கேமராக்கள் நீண்டன. விலகி நின்று பாருங்கள் என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாயிற்று. அரிசி போட்ட பழைய குடும்பங்கள் பல வீட்டை விடுதியாக வாடகைக்கு விட்டுப் புறநகருக்குப் போய்விட்டன. கட்டடங்கள் அச்சு மாறாமல் நிற்கின்றன. பிச்சையிட வேண்டிய வீட்டுக்காரர் அங்கே இல்லை.

ஸ்ரீரங்கம் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த படி எப்போது வந்தாலும், தஞ்சைப் பெரிய கோயிலை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. தஞ்சை 1987இல் இடம்பெற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், புல்வெளியும் வேலியுமாக, ஊரிலிருந்து விலகி நிற்கும் கோயில்கள். அங்கே அந்த முறை பொருந்துகிறது. ஸ்ரீரங்கத்தில் வேலியை எங்கே போடுவது? மதிலுக்குள்தான் ஊர் இருக்கிறதே.

ஆற்றுக்கு அக்கரையில் திருச்சியிலும் இந்த நேர்கோட்டு நோய்தான். மலைக்கோட்டைக்கு வருகிறவர்கள் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஒரே மூச்சில் ஏறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டு இறங்கிவிடுகிறார்கள். போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த மேல் குகை இருக்கிறது. அதன் கங்காதரர் சிற்பம் தமிழகச் சிற்பக் கலையின் தொடக்கத்தில் நிற்கும் அற்புதம். அங்கே நிற்பவர் சிலரே. அடிவாரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைகள் நெருக்கி நிற்பதால் குளம் இருப்பதே தெரியாமல் சின்னக்கடை வீதியைக் கடந்துவிடலாம். சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா; மறுபக்கம் லூர்து மாதா கோயில். ஒரு மைல் சுற்றளவில் இவ்வளவும் இருக்கிற நகரத்தை, ஒரே நாளில் ஐந்து கோயில் என்று வேன் வாடகைக் கணக்கில் சுற்றிக் காட்டுகிறோம்.

செய்ய வேண்டியவற்றில் பல பெரிய செலவு பிடிக்காதவை. கோயிலில் ஆண்டு முழுதும் என்றைக்கு எந்த வீதியில் எப்போது புறப்பாடு என்ற விவரம் பஞ்சாங்கத்திலும் உற்சவப் பத்திரிகையிலும் இருக்கிறது. அதை மத்தியப் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் விடுதிகளிலும் எளிய தமிழில் வைத்தால், வருகிறவர் ஒரு மாலையாவது தங்கி வீதியில் நின்று பெருமாளைச் சேவிப்பார். தங்குகிறவரால் வீதிக்காரருக்கும் வருமானம். வாகனங்களை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உத்தர வீதியை நடப்பவருக்கு விட வேண்டும். துலுக்க நாச்சியார் சந்நிதியில் ரொட்டியும் வெண்ணெயும் ஏன் அமுது செய்யப்படுகின்றன, கம்பன் அரங்கேற்ற மண்டபம் ஏன் தாயார் சந்நிதிக்கு எதிரே இருக்கிறது என்றெல்லாம் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகளை அந்த வீதிப் பிள்ளைகளிலிருந்தே, எல்லாச் சமூகத்திலிருந்தும், பயிற்றுவிக்கலாம். கோயில் சுவர்களில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருந்து என்ன, அவற்றில் ஒன்றையாவது நின்று வாசித்துக் காட்ட ஆள் வேண்டாமா?

கடினமானது எல்லை வரைவதுதான். உலக மரபுக்கான விண்ணப்பத்தில் காக்கப்படும் பகுதி, அதைச் சுற்றிய காப்பு வளையம் இரண்டையும் வரைபடத்தில் கோடிட்டுக் காட்ட வேண்டும். கோயிலை மட்டும் வரைந்தால் உள் நான்கு சுற்றுகளோடு வேலை முடிந்துவிடும். நம்பெருமாள் போகும் வழியை வரைந்தால், மூன்று குடியிருப்பு வீதிகளும் உள்ளே வர வேண்டும். அம்மா மண்டபமும், தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் ஷவர் வைத்து ஆடிப்பெருக்குக் கொண்டாடிய அந்தப் படித்துறையும் வர வேண்டும். கொள்ளிடத்தின் தென்கரைப் படித்துறையும், மாரியம்மன் வந்து நிற்கும் வடகரையும், காவிரிக்கு அப்பால் உறையூரும், மேற்கே ஜீயபுரத்து மண்டபமும் வர வேண்டும். அப்படி வரைந்தால் அறநிலையத் துறையோடு மாநகராட்சி, பொதுப்பணி, நீர்வளம், வருவாய் எல்லாம் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்; அடிமனை வழக்கைத் தள்ளிப்போடவும் முடியாது. விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அந்த இரண்டாவது வரைபடத்தோடு தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடு போடும் முன், ஒரு பங்குனி முழுவதும் புறப்பாட்டின் பின்னால் அவர்கள் நடந்து பார்க்கட்டும்.